கப்பலில் முதற்பயணமா? கம்பியோரத்தில் நிற்கப் பழகுங்கள்

சென்னையிலிருந்து எம்பிரஸ் என்ற உல்லாசக் கப்பல் 2023 ஜூனில் காங்கேசன்துறைக்கு வந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான பயணிகள் சேவை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி ஓட வெளிக்கிட்டது. இவை ஒருபுறம் இருக்க, கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிற பிள்ளைகள் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா அப்பாவை எடுப்பித்து, கரீபியனுக்கும் அலாஸ்காவுக்கும் குறூஸ் கூட்டிப்போவது இப்போது சாதாரணமாகிவிட்டது.

போக முன்னர் எல்லோரும் கேட்பது மூன்று கேள்வி. மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமா? சத்தி வருமா? எத்தனை உடுப்புக் கொண்டுபோகலாம்? கம்பியோரத்தில் எப்படி நிற்பது என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான். உல்லாசக் கப்பல் நிறுவனங்களின் உலகச் சங்கத்துக்காகத் தொகுக்கப்பட்ட கணக்கின்படி, 2009 முதல் 2019 வரை பயணிகளும் பணியாளர்களுமாக 212 பேர் கப்பலிலிருந்து கடலில் விழுந்திருக்கிறார்கள். உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 48 பேர். கோடிக்கணக்கானவர்கள் போய்வருகிற பயணத்தில் இது அரிதான விபத்துத்தான். ஆனால் விழுந்தவர்களில் நாலில் மூன்று பேர் திரும்பவில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் விழாமல் இருப்பது பற்றியே.

முதலில், கம்பி எப்படிக் காக்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்

கப்பல்களுக்கான சர்வதேச விதிப்படி தளத்தின் ஓரத்துத் தடுப்புக் கம்பி குறைந்தது 1 மீற்றர் உயரம் இருக்க வேண்டும். அமெரிக்கா 2010இல் கொண்டுவந்த சட்டம் அந்நாட்டுத் துறைமுகங்களுக்கு வரும் உல்லாசக் கப்பல்களுக்கு 42 அங்குலம், அதாவது ஏறக்குறைய 107 சென்ரிமீற்றர் என்று வைத்தது.

ஏன் இந்த அளவு? நிற்கிற மனிதனின் பாரம் முழுவதும் திரளும் புள்ளி தொப்புளை அண்டி இருக்கிறது. 170 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு அது தரையிலிருந்து சுமார் 95 சென்ரிமீற்றர். கம்பி அதற்கு மேலே நிற்கிறது. கப்பல் சாய்ந்து நீங்கள் கம்பியில் போய் மோதினாலும், கம்பி உங்களைத் திருப்பி உள்ளே தள்ளும். இதே ஆள் கம்பியின் கீழ்ப் படியில் ஏறி நின்றால் கதை மாறிவிடுகிறது. அந்தக் கீழ்ப்படி தளத்திலிருந்து 23 சென்ரிமீற்றர் வரை உயரத்தில் இருக்கலாம். 95உம் 23உம் 118. பாரத்தின் புள்ளி இப்போது கம்பிக்கு மேலே போய்விட்டது. இனி ஒரு சின்னக் குலுக்கல் போதும், கம்பியே அவரைக் கவிழ்த்துவிடும்.

ஆகவே இரண்டு பாதமும் தளத்தில் இருக்கும்வரை கம்பி உங்கள் பக்கம். பாதம் தளத்தை விட்டால் அது உங்கள் பக்கம் இல்லை. கீழே சொல்லப்போகிற அத்தனையும் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான். ஆறடிக்கு மேல் உயரமான பிள்ளைகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்குப் பாரப்புள்ளியும் கம்பியும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வந்துவிடும், குனிந்து எட்டிப் பார்த்தாலே ஆபத்து.

வீட்டிலிருந்து வெளிக்கிட முன்

பின்பட்டி இல்லாத றப்பர் செருப்பைக் கப்பலின் திறந்த தளத்துக்குப் போடாதீர்கள். உப்புக்காற்றில் ஈரப்பட்ட தளத்தில் அது வழுக்கும். குதிக்காலைப் பிடிக்கிற, அடியில் பிடிமானமுள்ள சப்பாத்தோ சாண்டலோ நல்லது.

சத்திக்குளிசை பற்றி டொக்டரிடம் முன்கூட்டியே கேட்டு, கப்பல் வெளிக்கிட முன்னரே போடுங்கள். தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டால் அது வயிற்றில் நிற்காது. இதை ஏன் கம்பிக் கதையில் சொல்கிறேன் என்றால், சத்தி வந்தவுடன் எல்லோரும் ஓடுவது கம்பியோரத்துக்குத்தான். தலை சுற்ற, கண் இருள, உடம்பில் பாதி வெளியே தொங்க நிற்பதைவிட மோசமான நிலை கப்பலில் இல்லை. ஒரு பையைச் சட்டைப்பையில் வைத்திருங்கள், இருந்த இடத்திலேயே அதற்குள் சத்தி எடுங்கள். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. அறை எடுக்கும்போதே அப்படிப் பார்த்து எடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

காலமும் பார்க்க வேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில் பாக்கு நீரிணை கொந்தளிக்கும், நாகபட்டினச் சேவையே அப்போது நிறுத்தப்படுவதுண்டு. சோளகக் காலத்திலும் தீவுப்பக்கத்துக் கடல் சும்மா கிடக்காது. நாள் குறிக்க முன்னர் கரையில் தொழில் செய்கிற ஒருவரிடம் கதைத்துப் பாருங்கள்.

அப்புறம், நீந்தத் தெரியாதவர்கள் மிதக்கவாவது பழகுங்கள். கீரிமலைக் கேணி காங்கேசன்துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க, மல்லாந்து கிடந்து, காதுவரை தண்ணீரில் விட்டு, நெஞ்சு நிறைய மூச்சை வைத்து மிதக்கப் பழகலாம். கேணி நன்னீர். கடலின் உப்புநீர் இதைவிட நன்றாகவே தாங்கும்.

ஏறிய அன்று

2012இல் இத்தாலிக் கரையோரத்தில் கொஸ்டா கொன்கோர்டியா கவிழ்ந்ததற்குப் பிறகு விதி இறுக்கப்பட்டது. கப்பல் புறப்பட முன்னரோ புறப்பட்டவுடனோ எல்லோருக்கும் பாதுகாப்பு ஒத்திகை நடத்தியே ஆக வேண்டும். சில கப்பல்களில் அறைத் தொலைக்காட்சியிலோ போனிலோ காணொளி பார்த்துவிட்டு உங்கள் ஒன்றுகூடும் இடத்துக்குப் போய்ப் பதிய வேண்டும். சாப்பாட்டு வரிசையை விட்டுவிட்டு இதற்குப் போங்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் விளங்காவிட்டால் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லிக்கொடுங்கள். ஏழு குறுஞ்சத்தமும் ஒரு நெடுஞ்சத்தமும் கேட்டால் முழுக் கப்பலுக்கும் ஆபத்து அறிவிப்பு. மூன்று நெடுஞ்சத்தம் கேட்டால், அல்லது ஒலிபெருக்கியில் 'ஒஸ்கார், ஒஸ்கார், ஒஸ்கார்' என்று சொன்னால், ஆள் கடலில் விழுந்துவிட்டார் என்று பொருள்.

ஒத்திகை முடிந்ததும் நீங்கள் அதிகம் போகப்போகிற தளத்தில் ஒரு சுற்று நடந்து, செம்மஞ்சள் நிற உயிர்காப்பு வளையம் எங்கெங்கே தொங்குகிறது என்று பார்த்து வையுங்கள். அதை எப்படிக் கொக்கியிலிருந்து எடுப்பது என்று கண்ணால் பார்த்தாலே போதும். பதற்றத்தில் தேடுகிற நேரம் மிச்சம்.

பல்கனி அறை

எனக்கு மிகவும் பயமான இடம் இதுதான். மேல்தளத்தில் பத்துப் பேரின் கண் இருக்கும். பல்கனியில் யாரும் பார்ப்பதில்லை. அதுவும் இரவில்.

பல்கனியில் வழமையாக இரண்டு கதிரையும் ஒரு சின்ன மேசையும் போட்டிருப்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளை ஏறத்தாழ 110 சென்ரிமீற்றர் உயரம். கதிரையின் இருக்கை 45 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். அந்தப் பிள்ளை கதிரையில் ஏறி நின்றால் கம்பி அதன் இடுப்பளவுதான் வரும். பிள்ளைகளுக்கு உடம்பின் அளவோடு பார்க்கும்போது தலை பாரம், ஆகவே பெரியவர்களைவிட எளிதில் தலைகீழாகப் போய்விடுவார்கள். கடலைப் பார்க்கக் கதிரையைக் கம்பியோரம் இழுப்பது பிள்ளைக்குத் தோன்றுகிற முதல் யோசனை. கண்ணாடித் தடுப்பில் உப்புப் படிந்து மங்கிப்போயிருந்தால் இன்னும் கெதியாகத் தோன்றும்.

ஆகவே சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் ஏறிய உடனேயே அறைப் பணியாளரைக் கூப்பிட்டு, பல்கனியில் இருக்கிற கதிரை மேசையை எடுத்துவிடச் சொல்லுங்கள். இது பழகிப்போன கோரிக்கைதான், கேட்க வெட்கப்பட வேண்டாம். கதவில் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் மேல்கொக்கி இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொரு முறையும் அதைப் போடுங்கள். பெரியவர் ஒருவர் பல்கனிக்குள் நிற்காமல் பிள்ளை அங்கே போகக்கூடாது. அறைக்குள் இருந்துகொண்டு கண்ணாடியால் பார்ப்பது காணாது. நீங்கள் எழும்பி ஓடிவர முன்னர் எல்லாம் முடிந்துவிடும்.

பெரியவர்களுக்கும் இரண்டு சொல்ல வேண்டும். பக்கத்து அறையில் மச்சானோ சித்தப்பாவோ இருந்தால், பல்கனித் தடுப்பைச் சுற்றி வெளிப்பக்கமாக ஏறி அங்கே போக நினைக்காதீர்கள். அப்படிப் போனவர்கள் விழுந்திருக்கிறார்கள். இரண்டாவது, கம்பியில் உலர்த்திய துவாயோ சாரமோ காற்றில் பறந்தால் பறக்கட்டும். எட்டிப் பிடிக்கப் போகிற கையோடு உடம்பும் போகும். போனுக்கும் இதே சட்டம்.

எல்லாம் விபத்து அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். கடலில் விழுந்தவர்களில் வாழ்க்கை வெறுத்துத் தாமாகக் குதித்தவர்களும் இருக்கிறார்கள். உங்களோடு வருகிற ஒருவர் சில நாளாக ஒதுங்கியே இருந்தால், நித்திரையில்லாமல் இரவில் பல்கனியில் நின்றால், தனியே விடாதீர்கள், பக்கத்தில் போய் நேரடியாகவே கதையுங்கள். கப்பலின் வைத்தியருக்குச் சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது. இலங்கையில் இருக்கும்போது 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுத்து மனநலத் துணை கேட்கலாம்.

மேல்தளம்: படமும் குடியும்

2025 ஜூன் 29 அன்று டிஸ்னி ட்ரீம் கப்பல் பஹாமாஸிலிருந்து புளோரிடாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. 4ஆம் தளத்தில் தாய் படம் எடுக்க, ஐந்து வயது மகள் திறந்த வட்டச் சாளரத்தின் பக்கம் கம்பியில் ஏறி இருந்தாள். பிள்ளை நிலை தவறிப் பின்பக்கமாகக் கடலில் விழுந்தது. தகப்பன் பின்னாலேயே குதித்தார். சுமார் இருபது நிமிடத்தில் மீட்புப் படகு இருவரையும் எடுத்தது. இருவரும் பிழைத்தார்கள். பட்டப்பகல், கடல் பரவாயில்லை, விழுந்ததை உடனே கண்டார்கள், படகு உடனே இறங்கியது. இத்தனையும் ஒன்றாகக் கூடிவந்ததால்தான் அந்தக் குடும்பம் முழுதாக வீடு திரும்பியது.

படம் எடுங்கள். வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. படத்தில் நிற்பவர் கம்பியிலிருந்து ஓரடி உள்ளே, இரண்டு காலும் தளத்தில், முதுகு கம்பியில் சாயாமல் நிற்கட்டும். எடுப்பவர் பின்னால் பார்க்காமல் பின்வாங்கிப் போகக்கூடாது. பிள்ளையைத் தூக்கிக் கம்பிக்கு மேலே கடலைக் காட்டுவதும், கம்பியில் இருத்துவதும் அறவே வேண்டாம். தோளில் ஏற்றிக்கொண்டு ஓரத்தில் நிற்பதும் அதே வகைதான்.

குடித்தால் கம்பியோரம் போகாதீர்கள், இதில் பேரம் இல்லை. கப்பலில் விழுந்தவர்களின் கதைகளில் மதுபானம் திரும்பத் திரும்ப வருகிறது. கூட வந்த மாமாவுக்கு இரண்டு ரவுண்ட் கூடிப்போனால் அறைவரை கொண்டுபோய்விட்டு, பல்கனிக் கதவையும் பூட்டிவிட்டு வாருங்கள்.

நம் ஊர்ப் படகுகளில்

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிற படகுகளில் மேலே சொன்ன உயரத்துக் கம்பி எல்லாம் எதிர்பார்க்க முடியாது. அங்கே ஆபத்தும் வேறு இடத்தில் இருக்கிறது. ஏறுகிற இறங்குகிற அந்த ஓரடி இடைவெளியில்.

இறங்குதுறையில் நின்று படகைக் கொஞ்ச நேரம் பாருங்கள். அது மேலே எழும்பும், ஒரு கணம் நிற்கும், பிறகு பணியும். எழும்பி நிற்கிற அந்தக் கணத்தில்தான் காலை வைக்க வேண்டும். பணியும்போது வைத்தால் கால் எட்டாது, பலகையில் பட்டு வழுக்கும். படகுக்காரர் கை நீட்டும்போது விரல்களைக் கொடுக்காதீர்கள், ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பிடியுங்கள். ஈரக்கையில் விரல் நழுவும், மணிக்கட்டுப் பிடி நழுவாது. நயினை நாகபூஷணி அம்மன் கொடியேற்றக் காலத்தில் சனம் முண்டியடிக்கும்போது அம்மம்மாவை நடுவில் விட்டு, ஒருவர் முன்னே ஏறி, ஒருவர் பின்னே நின்று ஏற்றுங்கள். அருச்சனைத் தட்டும் பையும் இன்னொருவர் கையில் இருக்கட்டும். ஏறுகிறவருக்கு இரண்டு கையும் வெறுமையாக வேண்டும். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகச் சொல்லுங்கள்.

உயிர்காப்பு அங்கி தந்தால் மடியில் வைத்திருக்காமல் போட்டு, பட்டிகளை இறுக்குங்கள். பட்டி தளர்ந்த அங்கி தண்ணீரில் தலைக்கு மேலால் கழன்றுவிடும். படகு கரை தட்டுவதற்கு முன்னரே எல்லோரும் ஒரு பக்கத்துக்கு எழும்பிப் போவது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம். கயிறு கட்டி முடியும்வரை இருங்கள். படகில் அளவுக்கு மேல் ஆள் ஏறியிருந்தால் அடுத்ததில் போங்கள்.

யாராவது விழுந்துவிட்டால்

20 நொட் வேகத்தில் போகிற கப்பல் ஒரு செக்கனில் 10 மீற்றர் கடந்துவிடும். ஒரு நிமிடத்தில் 600 மீற்றருக்கு மேல். அந்தத் தூரத்தில், அலைக்கு நடுவில், மனிதத் தலை மிதக்கிற தேங்காயளவுகூடத் தெரியாது. ஆகவே முதல் அரை நிமிடத்தில் நீங்கள் செய்வதுதான் அவருடைய உயிர்.

கண்டவர் சத்தம் போட வேண்டும். வெளிநாட்டுக் கப்பலில் 'மேன் ஓவர்போட்' என்று கத்துங்கள், எந்த நாட்டுப் பணியாளருக்கும் அது விளங்கும். இடப்பக்கமா வலப்பக்கமா என்பதையும் சொல்லுங்கள். கப்பலின் முன்பக்கத்தைப் பார்த்து நிற்கும்போது வருகிற இடப்பக்கம், வலப்பக்கம்தான் கணக்கு. கத்திக்கொண்டே உயிர்காப்பு வளையத்தை எடுத்து எறியுங்கள். அது எட்டாவிட்டால் கதிரை மெத்தை, மிதக்கிற எதுவும் எறியலாம். அவருக்குப் பிடிமானம் கிடைக்காவிட்டாலும், மிதக்கிற பொருட்கள் அவர் விழுந்த இடத்தைக் காட்டும்.

பிறகு மிக முக்கியமானது. ஒருவர் அவரையே பார்த்துக்கொண்டு, கையை நீட்டி அவரைக் காட்டியபடியே நிற்க வேண்டும். கப்பல் திரும்பத் திரும்பக் கையும் திரும்ப வேண்டும். யார் கூப்பிட்டாலும், போன் அடித்தாலும், அழுகை வந்தாலும் கண்ணை எடுக்கக்கூடாது. ஒரு தடவை கண்ணை எடுத்தால் மறுபடி கண்டுபிடிப்பது மகா கஷ்டம். மற்றவர்கள் ஓடிப்போய்ப் பணியாளரிடம் சொல்லட்டும்.

பின்னால் குதிக்காதீர்கள். மேலே சொன்ன தகப்பன் பிழைத்தார் என்பது உண்மை. ஆனால் பொதுவாக அதனால் தேட வேண்டியவர்கள் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள், பார்த்துக்கொண்டிருக்க ஆள் இல்லாமல் போய்விடும்.

கப்பல் உடனே நிற்காது, திகைக்க வேண்டாம். மாலுமிகள் முதலில் விழுந்தவர் பக்கம் சுக்கானைத் திருப்பி, பிறகு மறுபக்கம் முழுதாகத் திருப்பி, வந்த வழியிலேயே கப்பலைக் கொண்டுவருவார்கள். இதற்கு வில்லியம்சன் திருப்பம் என்று பெயர். பயணிகள் கப்பலின் மீட்புப் படகு 5 நிமிடத்துக்குள் இறக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பது விதி. விழுவதைத் தானாகக் கண்டறியும் கருவிகளும் வந்துவிட்டன. அவற்றுக்கென 2020இல் ஐ.எஸ்.ஓ 21195 என்ற தரமும் வந்தது. ஆனால் எல்லாக் கப்பலிலும் அவை இல்லை, மனிதக் கண்ணை நம்பித்தான் இன்னும் பல கப்பல்கள் ஓடுகின்றன.

விழுந்ததை யாரும் காணவில்லை, ஆளை மட்டும் காணோம் என்றால்? நம்மவர்கள் செய்கிற தவறு இங்கேதான். 'எங்கேயாவது இருப்பார், வெள்ளைக்காரருக்கு முன்னால் வீண் கலாட்டா வேண்டாம்' என்று மணிக்கணக்கில் தாங்களே தேடுவார்கள். அப்படிப் போகிற ஒவ்வொரு மணிக்கும் கப்பல் 37 கிலோமீற்றர் தள்ளிப்போகிறது. 2022 நவம்பரில் மெக்சிகோ வளைகுடாவில் கார்னிவல் வேலர் கப்பலிலிருந்து காணாமல் போனவரைக் கடைசியாகக் கண்டது இரவு 11 மணியளவில். கப்பலில் முறையிட்டது மறுநாள் நண்பகல். அவரைக் கண்டெடுத்தது அன்றிரவு 8 மணிக்குப் பிறகு. அவர் பிழைத்தது வெதுவெதுப்பான தண்ணீராலும் விடாமல் மிதந்ததாலும்தான். ஆகவே அறை, கழிப்பறை, சாப்பாட்டு மண்டபம் பார்த்தும் ஆள் இல்லையென்றால் நேரே வரவேற்பு மேசைக்குப் போய்ச் சொல்லுங்கள். அவர்களிடம் கமராப் பதிவு இருக்கிறது, கதவு அட்டைப் பதிவு இருக்கிறது. ஆள் நூலகத்தில் நித்திரை கொண்டிருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம்.

நீங்களே விழுந்துவிட்டால்

வெளியே வந்து மூச்சு எடுத்ததும் கப்பலின் பக்கவாட்டிலிருந்து விலகி நீந்துங்கள், பின்பக்கச் சுழலியிடம் போய்விடாமல். வளையம் எறிந்திருந்தால் அதைப் பிடித்து, தலைக்குள்ளால் போட்டுக் கக்கத்துக்குக் கீழே வையுங்கள். சப்பாத்தைக் கழற்றலாம், உடுப்பைக் கழற்ற வேண்டாம். வெயிலிலிருந்தும் குளிரிலிருந்தும் அது காக்கும். கப்பலைத் துரத்தி நீந்திக் களைக்காதீர்கள், கப்பல்தான் உங்களிடம் வர வேண்டும். மல்லாந்து மிதந்து ஆறுதலாக இருங்கள். படகு தெரிந்தால் ஒரு கையை மட்டும் தூக்கி அசைத்துக் காட்டுங்கள். தாகமென்று கடல்நீரைக் குடிக்காதீர்கள்.

அலாஸ்கா, நோர்வேப் பக்கம் போகிறவர்கள் வேறொன்றும் அறிந்திருக்க வேண்டும். குளிர்நீரில் விழுந்தவுடன் மூச்சு தன்பாட்டில் இழுக்கும், அடக்க முடியாது. ஒரு நிமிடம் பொறுத்தால் அது அடங்கும். அந்த ஒரு நிமிடத்தில் தண்ணீர் வாய்க்குள் போகாமல் முகத்தை மேலே வைத்திருப்பது மட்டுமே உங்கள் வேலை. அதன்பின் கைகால் சொன்னபடி கேட்பது ஏறக்குறைய பத்து நிமிடம். அதற்குள் வளையத்தையோ மிதக்கிற எதையோ பிடித்துவிட வேண்டும். பிடித்த பிறகு முழங்காலை நெஞ்சோடு மடக்கி, கைகளை உடம்போடு அணைத்து வைத்திருந்தால் சூடு மெதுவாகத்தான் போகும்.

மேலே எடுத்த பிறகு எழும்பி நடக்காதீர்கள், அவர்கள் படுக்கவைத்துத் தூக்கட்டும். நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் கப்பலின் வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணிநேரம் கழித்தும் தொல்லை தரலாம். இரவில் இருமல் கூடினால், மூச்சு முட்டினால், விடியட்டும் என்று பொறுக்காமல் உடனே டொக்டரை எழுப்பச் சொல்லுங்கள்.